ஒலிபரப்பு மேசையும் நிகழ்ச்சி அமைப்புகளும்

வானொலி கேட்பவர் பலர். அவ்வொலி புறப்படும் மேசையை நேரிற் கண்டவர் சிலர். ஒரு நிகழ்ச்சி முடிந்து மற்றொன்று தொடங்குமுன் அம்மேசை தன் கோலத்தை எவ்வாறு மாற்றிக்கொள்கின்றது என்பதை ஆராய்ந்தவர் மிகச் சிலர். தமிழ் பயிலும் மாணவர் இப்பொருளைப் பற்றி எழுதப் புகுந்தது என்னை என நண்பர்கள் வினவலாம். நம் கல்லூரியின் சிறு ஒலிபரப்பு நிலையத்தில் தமிழ் நிகழ்ச்சிகளை நடத்துவோர் பெரும்பாலும் தமிழ் வகுப்பினரே. பேசுவதும் நாமே, மேசையை இயக்குவதும் நாமே. எத்துணை அழகாகப் பேசினும், மைக்கின் ஒலி செல்ல வேண்டிய வழியிற் செல்லாவிடின் அப்பேச்சு அறைச்சுவரோடு நின்றுவிடும். ஆகலின் இதனை நாம் கற்க வேண்டியதாயிற்று; கற்றதை ஈண்டு எழுதுகின்றோம்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பாடங் கேட்டவர்க்கு ஒன்று நினைவிருக்கும். மாதவி ஆடவருமுன் இளங்கோவடிகள் அரங்கின் அளவைக் கூறுகின்றார்: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். பின்னர் மூவகைத் திரைகளையும் கூறுகின்றார். ஆடுபவள் வந்தபின் அரங்கை அளப்பாரில்லை. வானொலி நிகழ்ச்சிக்கும் அரங்கு முன்னரே அமைந்திருத்தல் வேண்டும். அவ்வரங்கு எட்டு ஃபேடர்களும் சில பொத்தான்களும் உடைய ஒரு மேசை என்பதே வேறுபாடு.

முற்காலத்து மேசையின் இயல்பை முதற்கண் அறிதல் நலம். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் தொடங்கியது. அக்காலத்து மேசைகளில் ஒவ்வொரு மைக்கின் கம்பியும், இசைத்தட்டுக் கருவியின் கம்பியும், தனக்கென ஒதுக்கப்பட்ட சேனலில் வந்து முடியும். மூன்றாம் குமிழ் இசைத்தட்டெனின் என்றும் இசைத்தட்டே. மாற்ற விரும்புவோர் பேட்ச் பலகையிற் கம்பியைப் பிடுங்கி வேறு துளையிற் செருக வேண்டும். அதனாற் பிழைகள் நேர்ந்தன என்பது உண்மை. ஆயினும் கை பழகிய இடம் மாறாது என்னும் நன்மையும் அதில் இருந்தது. இந்நன்மையைப் பற்றிப் பின்னர்ப் பேச வேண்டியிருக்கின்றது.

இக்காலத்து மேசை அத்தகையதன்று. கண்முன் உள்ள ஃபேடர்களின் ஊடே ஒலி செல்வதே இல்லை! ஒலியைக் கலக்கும் பொறி வேறோர் அறையில், அடுக்குச் சட்டத்தில் இருக்கின்றது. மேசை அதற்கு ஆணை அனுப்பும் கருவி மட்டுமே. மைக், கணினி, தொலைபேசி ஆகிய யாவும் கணினி வலையின் வழியே ஒலித்துகள்களாக வந்து சேர்கின்றன. அமெரிக்க நாட்டுக் கிளீவ்லாந்து நகரத்து டெலாஸ் நிறுவனத்தார் 2003-ஆம் ஆண்டில் லைவ்வயர் என்னும் முறையை வெளியிட்டபின் இவ்வழி வானொலி நிலையங்களிற் பரவலாயிற்று. வெவ்வேறு நிறுவனத்தாரின் கருவிகள் ஒன்றோடொன்று ஒலியைப் பகிர்ந்துகொள்வதற்கான ஏ.ஈ.எஸ். 67 என்னும் பொதுநெறி 2013-இல் வந்தது. லைவ்வயர் முறையில் ஒவ்வோர் ஒலிமூலத்திற்கும் 1 முதல் 32767 வரையுள்ள எண்களுள் ஒன்று இடப்படுகின்றது. மூன்றாம் ஃபேடரில் எது வரவேண்டும் என்பது இப்பொழுது கம்பியின் செயலன்று. ஓர் எண்ணின் செயல். எண்ணாயின் அதனை எழுதி வைக்கலாம். எழுதியதை மீண்டும் ஏற்றலாம். நிகழ்ச்சி அமைப்பு என நாம் வழங்குவதும், ஷோ புரொஃபைல் என ஆக்சியா மேசைகளிற் பெயர் பெற்றிருப்பதும் இவ்வாறு எழுதி வைத்த ஏடே.

இனி, புதிதாகக் கற்போர் பெரிதும் மயங்குமிடம் ஒன்றுண்டு. மேசையில் எழுதி வைக்கப்படுவன இருவகை. ஒன்று, ஒலிமூலத்தின் இயல்பு; மற்றொன்று, நிகழ்ச்சியின் அமைப்பு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோர், எழுத்தின் பிறப்பையும் எழுத்தின் புணர்ச்சியையும் ஒன்றெனக் கொள்வாரை ஒப்பர்.

ஒலிமூலத்தின் இயல்பு என்பது யாது? இது மைக், இது தொலைபேசி, இது கணினி என்னும் வகை. மைக்காயின் எந்த அறையில் உள்ளது, அதன் ஒலியை எவ்வளவு பெருக்க வேண்டும், அதனைத் திறந்தால் எந்த ஒலிபெருக்கி வாய்மூட வேண்டும், எந்தச் செவ்விளக்கு எரிய வேண்டும் என்பன. இவை நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறுவன அல்ல. இயக்கறையில் உள்ள மைக்கைத் திறந்தவுடன் அவ்வறையின் ஒலிபெருக்கி அடங்காவிடில், பெருக்கியின் ஒலி மைக்கிற் புகுந்து, மைக்கின் ஒலி மீண்டும் பெருக்கியிற் புகுந்து, காதைத் துளைக்கும் ஊளை எழும். இம்மைக் இயக்கறையினது என ஒருமுறை சரியாக எழுதப்பட்டால், அதனை எந்த ஃபேடரில் வைத்தாலும் அந்த ஒலிபெருக்கியே அடங்கும். இவ்வேலை பொறியியல் அறிந்த ஆசிரியருடையது. மாணவர் கை வைக்கலாகாது.

நிகழ்ச்சி அமைப்போ நம்முடையது. எந்த மூலம் எந்த ஃபேடரில் நிற்க வேண்டும்; அஃது எந்தக் கலவைக்குச் செல்ல வேண்டும்; நடத்துபவர் காதணியில் எது கேட்க வேண்டும்; குரலின் கீழொலி மேலொலிகளை எவ்வாறு திருத்த வேண்டும் என்பன இதன்பாற் படும்.

அமைக்கும் முறை கடினமன்று. முதலில் மேசையைக் கையாலேயே வேண்டியவாறு ஒழுங்குபடுத்தல். பிறகு அந்நிலையை அப்படியே ஒரு பெயரிட்டுப் பதிதல். பதிந்ததைக் கணினியின் உலாவியிலே திறந்து ஒவ்வோர் உறுப்பாகத் திருத்தல். மூன்றாவதே பலர் விட்டுவிடுவது. கையால் ஒழுங்குபடுத்திப் பதியும்பொழுது, நமக்கு வேண்டாதனவும் உடன் பதிந்துவிடுகின்றன. அன்று காதணி ஒலி எவ்வளவு உரத்து இருந்தது என்பதும் பதிவில் ஏறலாம். மறுநாள் வேறொருவர் அவ்வமைப்பை ஏற்றினால், அவர் காதில் இடியென ஒலி விழும். ஆகலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ‘இதை ஏற்றுக’ என்றோ ‘இருந்தபடியே விடுக’ என்றோ குறிக்கும் வசதி மேசையில் இருக்குமாயின் அதனைப் பயன்படுத்த வேண்டும். ஃபேடரில் நிற்கும் மூலம், செல்லுங் கலவை இவ்விரண்டையும் ஏற்றுக. காதணியின் அளவை விட்டுவிடுக: இதுவே நாம் கைக்கொண்ட நெறி.

பதிவிலே அடங்காதது ஒன்று உண்டு. விலை மிக்க சில மேசைகளில் ஃபேடரை இயக்கும் சிறு மோட்டார் உண்டு. அமைப்பை ஏற்றியவுடன் ஃபேடர்கள் பேய் பிடித்தாற்போலத் தாமே நகர்ந்து தத்தம் உயரத்தில் நிற்கும். வானொலி மேசைகளிற் பலவற்றில் மோட்டார் இல்லை. நம்முடையதிலும் இல்லை. அத்தகைய மேசையில் ஃபேடர் அடியிற் கிடந்தால், எவ்வமைப்பை ஏற்றினும் அஃது அடியிலேதான் கிடக்கும். அமைப்பை ஏற்றியாயிற்று என்ற துணிவோடு மைக்கைத் திறந்து பேசுவோர் ஃபேடரின் உயரத்தைக் கண்ணாலோ விரலாலோ ஒருமுறை காணல் வேண்டும்.

இனிக் கலவைகளைப் பற்றிக் கூறுவாம். மேசையில் புரோகிராம் 1, புரோகிராம் 2 எனப் பல கலவைகள் உண்டு. நம் நிலையத்தில் முதற் கலவை அலைபரப்பியை நோக்கிச் செல்வது. இரண்டாவது பதிவுக் கணினிக்குச் செல்வது. பெரிய நிலையங்களில் ஒலிபரப்புக்கு ஓர் அறையும் பதிவுக்கு மற்றோர் அறையும் இருக்கும். நம்மைப் போன்ற சமுதாய வானொலிகளின் நிலை வேறு. இந்தியாவிற் கல்வி நிறுவனங்கள் இத்தகைய நிலையம் நடத்தலாம் என 2002-ஆம் ஆண்டு இறுதியில் அரசினர் இசைந்தனர். 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலையம் 90.4 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியது. ஒரே அறையில், ஒரே மேசையில், கணினி பாட்டைப் பரப்பிக்கொண்டிருக்கும்பொழுதே மறுநாள் நாடகத்திற்கு ஒத்திகையும் பதிவும் நடத்த வேண்டியிருப்பது நம் போன்ற சிறு நிலையத்தார்க்குப் புதிதன்று.

பதிவுக்குரிய அமைப்பில் மைக்குகள் யாவும் இரண்டாம் கலவைக்கு மட்டுமே செல்ல வேண்டும். கணினியின் பாட்டு முதற் கலவைக்கு மட்டுமே செல்ல வேண்டும். ஒரு மைக்கின் முதற் கலவைப் பொத்தான் தவறி எரிந்துகொண்டிருந்தால், ஒத்திகையிற் பேசும் வேடிக்கைப் பேச்சு முழுவதும் ஊரார் காதில் விழும். பதிவு முடிந்து நேரலை தொடங்கும்பொழுது அமைப்பை மாற்ற மறந்தால் நேர்வது இதற்கு மறுதலை: நடத்துபவர் வணக்கங் கூறுகின்றார், அளவுமுள் ஆடுகின்றது, காதணியிலும் குரல் கேட்கின்றது, ஊராருக்கோ அமைதி. இவற்றுள் இரண்டாவதே கண்டுபிடிக்க அரியது. என்னை? மேசையில் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். அதனாற்றான் நேரலைக்குரிய அமைப்புகளில் காதணியில் இரண்டாம் கலவை கேட்காதவாறு செய்து, முதற் கலவையை மட்டும் வைத்திருக்கின்றோம். தம் குரல் காதில் விழாவிடில் நடத்துபவர் உடனே ஐயுறுவார்.

தொலைபேசி வழியே நேயர் பேசும் நிகழ்ச்சியின் அமைப்பு எல்லாவற்றினும் நுட்பமானது. சிறிது நின்று காண்பாம். பேசும் நேயர்க்கு நிலையத்தின் ஒலி திரும்பச் செல்ல வேண்டும். இன்றேல் நடத்துபவர் கேட்பதற்கு அவர் எவ்வாறு விடை கூறுவார்? ஆயின் முழுக் கலவையையும் அனுப்பினால் அதனுள் அவர் குரலும் இருக்கும். தொலைபேசி வழியிலும் கணினி வலையிலும் ஒலி போய் மீளச் சிறிது காலம் ஆகின்றது. தம் சொல் தமக்கே சற்றுப் பின்னர்க் கேட்குமாயின் மனிதர் நாக் குழறும், சொல்லை இழுப்பர், நிறுத்திவிடுவர். முதன்முறை வானொலியில் பேச வரும் மூதாட்டி ஒருவர்க்கு இது நேர்ந்தால், பிழை தம்முடையதென்றே எண்ணி அவர் தொலைபேசியை வைத்துவிடுவார்; மறுமுறை அழைக்கமாட்டார். ஆகலின் ஒவ்வொரு நேயர்க்கும் அவர் குரலொன்று நீங்கலாக மற்றவை யாவும் அடங்கிய தனிக் கலவை செல்ல வேண்டும். மிக்ஸ் மைனஸ் என இதனைக் கூறுவர். இரண்டு நேயர் ஒரே வேளையிற் பேசின் இரண்டு தனிக் கலவைகள் வேண்டும், முதல்வர்க்கு இரண்டாமவர் குரல் கேட்க வேண்டும், தம் குரல் கேட்கலாகாது, இரண்டாமவர்க்கும் அவ்வாறே. பழைய மேசையில் இதனைக் கையால் அமைப்பது பெருந்தொல்லை. இக்கால மேசையில் இது தொலைபேசி மூலம் என எழுதிவிட்டால் மேசையே அதற்குரிய தனிக் கலவையைச் செய்துவிடுகின்றது. நாம் அமைக்க வேண்டியது அதன்பின் உள்ளது: அலையில் ஏறுமுன் காத்திருக்கும் நேயர்க்கு எது கேட்க வேண்டும்? நிகழ்ச்சி கேட்க வேண்டும். இடையில் நாம் பேசினால் அதுவும் கேட்க வேண்டும். அடுத்து நீங்கள்தாம், அம்மா, உங்கள் வீட்டு வானொலியைச் சிறிது குறையுங்கள் என்று நாம் கூறுவது அவர் ஒருவர்க்கே செல்ல வேண்டும், ஊராருக்கன்று. இவ்வேற்பாடு தவறாத அமைப்பு கையிலிருந்தால் பத்தொன்பது வயதினரும் அந்நிகழ்ச்சியை அமைதியாக நடத்தலாம்.

ஓடிக்கொண்டிருக்கும் ஒலிபரப்பின் நடுவில் அமைப்பை மாற்றுவது எவ்வாறு என்பது அடுத்த வினா. ஒரு நிகழ்ச்சியின் இறுதிப் பாட்டு எட்டாம் ஃபேடரில் ஓடுகின்றது. அடுத்த நிகழ்ச்சியின் அமைப்பில் எட்டாம் ஃபேடர் தொலைபேசிக்கு உரியதாயின், ஏற்றியவுடன் பாட்டு அறுந்துவிடாதா? நன்கு வகுக்கப்பட்ட மேசைகள் திறந்திருக்கும் ஃபேடரை உடனே மாற்றாமல், அதனை மூடியபின்னரே புதிய மூலத்தைக் கொணர்கின்றன. எனினும் தம் மேசை இவ்வாறு செய்கின்றதா என்பதை ஒலிபரப்பு இல்லாத வேளையிற் சோதித்து அறியாமல் நம்பலாகாது. மேலும், இவ்வாறு காத்திருக்கும் ஃபேடரில் இன்னும் பழைய மூலமே இருக்கின்றது என்பது அவசரத்தில் மறந்துபோம். இதற்கெல்லாம் எளிய தீர்வு ஒன்றுண்டு: நிகழ்ச்சிகளை இணைக்கும் பாலமாகிய கணினி எல்லா அமைப்புகளிலும் ஒரே ஃபேடரில் நிற்க வேண்டும்.

இத்தீர்வுக்கு நாம் வந்த வழி வேறு. சென்ற பருவத்தில் ஒவ்வொரு குழுவினரும் தத்தமக்கு ஓர் அமைப்பைச் செய்துகொள்ளத் தொடங்கினர். நாடகக் குழுவினர் மைக்குகளை வலப்புறம் வைத்தனர். இசைக் குழுவினர் இடப்புறம் வைத்தனர். ஒருவர் கணினியை நடுவில் நிறுத்தினார். அமைப்புகளின் எண்ணிக்கை பதினாறாயிற்று. செவ்வாய் மாலை நிகழ்ச்சியை நடத்தும் நம் தோழர் ஒருவர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பழைய மேசையை அவர் எவர் துணையுமின்றித் தனியே இயக்கியவர். புதிய மேசை வந்தபின் அருகில் ஒருவர் அமர்ந்து, இது மைக், இது பாட்டு என்று கூற வேண்டியதாயிற்று. ஃபேடரின் மேலுள்ள சிறு திரையில் மூலத்தின் பெயர் ஒளிர்கின்றது. அப்பெயர் அவர்க்குப் பயனில்லை. நிலையத்துக் கூட்டத்தில் அவர் கூறியது: “பெயர் மாறினால் நீங்கள் படித்துக்கொள்வீர்கள். எனக்கு இடமே பெயர். வாரந்தோறும் என் மேசையை ஒருவர் கலைத்துவிட்டுப் போகிறார்.”

எதிர்வாதமும் எழாமலில்லை. அமைப்பைப் பதிந்து வைக்கும் வசதியே ஒவ்வொருவர்க்கும் ஏற்றவாறு மேசை மாறவேண்டும் என்பதற்கன்றோ. எல்லாவற்றையும் ஒரே முறையில் வைப்பதாயின் இவ்வசதி எதற்கு என்றனர் சிலர். அவர் தமக்கென ஓர் அமைப்பை வைத்துக்கொள்ளட்டுமே என்றனர் வேறு சிலர். இவ்விரண்டாவது கூற்று நேர்மைபோலத் தோன்றினும் நமக்கு உடன்பாடன்று. அவர் அமைப்பை ஏற்றுமுன் எந்த அமைப்பு மேசையில் இருக்கின்றது என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? ஏற்றிய பின்னும், மூடப்படாத ஃபேடரிற் பழைய மூலம் காத்திருக்குமாயின் அதனை எங்ஙனம் அறிவார்? இடையில் அவசரமாக வேறொருவர் நிகழ்ச்சியைப் பார்த்துக்கொள்ள நேர்ந்தால் என் செய்வார்? தனி அமைப்பு அவர்க்கு அந்த ஒரு மணி நேரத்தை மட்டுமே தரும், நிலையத்தைத் தராது.

முடிவில் எட்டு ஃபேடர்களுள் நான்கினை நிலையானவையாக வகுத்தோம். 1 நடத்துபவர் மைக். 2 விருந்தினர் மைக். 7-உம் 8-உம் கணினி. எந்த அமைப்பிலும் இவை மாறா. 3 முதல் 6 வரை உள்ளவை நிகழ்ச்சிக்கேற்ப மாறும். நேயர் நிகழ்ச்சியில் 3, 4 தொலைபேசி. கருத்தரங்கில் 3, 4, 5 விருந்தினர் மைக்குகள். நாடகப் பதிவில் 3 முதல் 6 வரை நான்கும் மைக்குகளே. ஆக ஆறு மைக்குகளும் இடமிருந்து வலமாக ஒரு தொடராக நிற்கின்றன. நாடகக் குழுவினர் முதலில் முணுமுணுத்தனர். பின்னர் இதுவே எளிதென்றனர். இரண்டாம் ஃபேடருக்கும் மூன்றாவதற்கும் இடையிலும், ஆறாவதற்கும் ஏழாவதற்கும் இடையிலும், எம்-சீல் கொண்டு கடுகளவு புடைப்பு ஒன்று ஒட்டப்பட்டது. விரல் அதனைத் தொட்டால் நிலையானவை எவை, மாறுவன எவை என்பது தெரியும். பார்வையுள்ள நாமும் இப்பொழுது மேசையைப் பாராமலே அப்புடைப்பைத் தேடுகின்றோம்.

பதினாறு அமைப்புகள் ஐந்தாகக் குறைந்தன: பொது, நேயர், கருத்தரங்கு, நாடகப் பதிவு, வெளிக்களம். இவற்றுட் பொது என்பது யாது செய்வதென அறியாதவர் ஏற்றுதற்குரியது; இரண்டு மைக்குகளும் கணினியும் அன்றி வேறொன்றும் அதில் இல்லை. மேசையின் சிறு திரை தமிழெழுத்தைக் காட்டாமையால் பெயர்களை ஆங்கில எழுத்தில் இட நேர்ந்தது. தமிழ் வகுப்பினர்க்கு இது வருத்தமே. முன்னே எண்ணும் பின்னே பெயருமாக எழுதி, அதே எண்ணொடு தமிழ்ப் பெயரைச் சுவரில் ஓர் அட்டையிற் பொறித்துள்ளோம். ஐந்தையும் எவரும் மாற்றி எழுதாதவாறு பூட்டு இடப்பட்டுள்ளது. புதிது செய்ய விரும்புவோர் ஒன்றைப் படியெடுத்து வேறு பெயரிற் செய்யலாம். பருவ இறுதியில் அப்படிகள் அழிக்கப்படும். ஐந்தின் நகலும் மேசைக்கு வெளியே, அலுவலகக் கணினியில் இருக்கின்றது. மேசை பழுதுற்றுப் பொறி மாற்றப்படினும் அவற்றை மீட்கலாம்.

இத்துணையும் செய்தபின் எஞ்சியது ஒன்று. ஐந்தனுள் ஒன்றைத் தேர்ந்து ஏற்றுவது திரையைத் தொட்டுச் செய்யும் செயல். அஃது இன்றும் நம் தோழர்க்கு இயலாதது. அமைப்புக்கு ஒன்றாக ஐந்து பொத்தான்கள் உடைய தனிப் பலகை ஒன்றை மேசையோடு இணைக்கலாம் என அறிந்து, நிலையத்தின் பொறுப்பாசிரியர் அதற்கு விண்ணப்பித்திருக்கின்றார். பலகை இன்னும் வரவில்லை. அதுவரை செவ்வாய்க்கிழமை 5 மணி நிகழ்ச்சியை முடிப்பவர், நேயர் அமைப்பை ஏற்றி, எட்டு ஃபேடர்களும் மூடியிருத்தலைக் கண்டு, அவரிடம் வாயாற் சொல்லி, குறிப்பேட்டிற் கையொப்பமிட்ட பின்னரே நாற்காலியைவிட்டு எழ வேண்டும் என்பது ஏற்பாடு. ஜூலை முதல் அவர் மீண்டும் அந்நிகழ்ச்சியைத் தனியே நடத்தி வருகின்றார்.